அஞ்சலையம்மாளின் இடது காது

பெரியவருக்கு இடது கண்ணில் ஏதோ கோளாறு என்று உங்களில் சிலர் உங்களுக்குள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். கண் பழுது, காது பழுதில்லை. ஆனால் என் கண்ணில் இருப்பது கோளாறும் இல்லை. வரைந்ததைப் பத்தடி பின்னால் போய் நின்று, வலது கண்ணை மூடி, இடது கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது என் பழக்கம். அப்படிப் பார்த்தால் சில்லறை விவரமெல்லாம் மறைந்து, படம் நிற்கிறதா விழுகிறதா என்பது மட்டும் தெரியும். வருடக்கணக்கில் அப்படிப் பார்த்துப் பார்த்து அந்த இமை பாதியிலேயே தங்கிவிட்டது.

அந்தப் பத்தடிக்கும் ஒரு விலை உண்டு. பெரம்பலூரில் ஓர் அரிசி ஆலையின் சுவரில் ஆளுயரத்துக்கு எழுத்து எழுதிவிட்டு, பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தேன். மாட்டுக்கு வைத்திருந்த கழனித்தொட்டியில் இடுப்பளவுக்கு உட்கார்ந்துவிட்டேன். ஆலை மேஸ்திரி ஓடிவந்து தூக்கிவிடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "என்ன ஆர்ட்டிஸ்ட்டு, போர்டு நல்லா வந்துருக்கா?" என்றார். "இங்கேருந்து பாத்தா நல்லாத்தாண்ணே இருக்கு" என்றேன். நான் விழுந்ததை மறந்த ஊர், அந்தப் பதிலை மட்டும் பல வருடம் சொல்லிச் சிரித்தது.

நீங்கள் எல்லோரும் இப்போது வரையக் கற்றுக்கொண்டு, வரைந்தே பிழைக்கலாம் என்று துணிந்து வந்திருக்கிறீர்கள். எந்தத் தூரிகை, எந்தக் கம்பெனிச் சாயம் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. என் பிழைப்பே ஒரு காதில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் உண்டு. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

என் அப்பா அடுத்தவர் வயலில் வேலை செய்தவர். அவர் நட்ட நாற்றில் எத்தனையோ குடும்பம் சாப்பிட்டது. ஆனால் எந்த வயலிலும் நட்டவன் பெயர் இருக்காது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அது உறுத்தும். கரித்துண்டு கிடைத்தால் படம் போடுவேன், போட்டதும் கீழே என் பெயரை எழுதுவேன். படம் மாடு மாதிரி இருக்கும், பெயர் யானை மாதிரி இருக்கும். தனவேல் என்ற பெயரில் இந்த உலகத்தில் ஒரு பொருளாவது இருக்க வேண்டும் என்ற ஆசைதான் என்னைத் திருச்சிக்கு விரட்டியது.

அங்கே சினிமா பேனர் எழுதும் கூடம் ஒன்றில் மூன்று வருடம் இருந்தேன். அந்தக் கூடத்துப் பெரியவரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அவரைக் குறை சொல்வதுபோல் ஆகிவிடும், எனக்கு அந்த மனசு இல்லை. இறந்தவர்களின் படம் வரைவதில் அவர் கெட்டிக்காரர். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "போனவங்கள யாரும் கொறையோட அனுப்பக்கூடாதுடா. பல்லு போயிருந்தா பல்லு வையி. கறுப்பா இருந்தா செவப்பா போடு. நகை இல்லன்னா நகை போடு. நம்ம கையில என்ன, சாயந்தானே செலவு" என்பார். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் இறந்தவர்களின் படங்களில் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி சிவப்பாக, செழிப்பாக இருக்கிறார்கள் என்றால் அதற்கு எங்களைப் போன்றவர்கள்தான் காரணம்.

பெரம்பலூருக்குத் திரும்பி வந்து, பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கீற்றுக் கொட்டகையில் 'தனவேல் ஆர்ட்ஸ்' என்று பலகை மாட்டினேன். எழுபதுகளின் கடைசி அது. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. மளிகைக்கடைப் பலகை, மாட்டு வண்டிக்குப் பெயர், கொஞ்ச நாள் நெடுஞ்சாலையோரத்து மைல்கல். அரியலூர் ரோட்டிலும் துறையூர் ரோட்டிலும் அந்த வருடம் மைல்கல்லைப் பார்த்த எல்லோரும் என் எழுத்தைத்தான் பார்த்தார்கள், ஒருவருக்கும் அது தெரியாது. மைல்கல்லில் ஊர்ப்பெயர்தான் இருக்கும், எழுதியவன் பெயர் இருக்காது. அந்த வேலையைக் கொடுத்த காண்ட்ராக்டர் நல்ல மனிதர். "நிரந்தரமா எங்கூட வந்துரு தனவேலு, கொட்டாயி எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஒரு மாதத்துக்குள்தான் கலியமூர்த்தி வந்தார். எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டு மேஸ்திரி, சொந்த ஊர் உடையார்பாளையத்துக்கு அருகே முந்திரிக்காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன ஊர். கக்கத்தில் ஒரு உறை. அதற்குள் ஊர் மாதர் சங்கம் திறந்த அன்று எடுத்த குரூப் போட்டோ. மூன்றாவது வரிசையில் நகக்கண் அளவுக்கு ஒரு முகம்.

"எங்க அக்கா அஞ்சலைங்க. போயி ரெண்டு வருசமாச்சு. இத வுட்டா வேற போட்டோ கெடையாது. அக்கா மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. மணையில ஒக்கார்றதுக்கு முன்னாடி ஆத்தா படத்த கும்புட்டுட்டுப் போவணும்னு புள்ள சொல்லுது" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நல்லா நகைநட்டோட போட்டுடுங்க தம்பி. காதுல தோடு, மூக்குத்தி, அட்டிகை எல்லாம்" என்றார்.

பலகை எழுதுகிறவனிடம் ஒருவர் முழு ஆயில் பெயிண்டிங் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. கல்யாண வீட்டில் நாலு ஊர் சனம் பார்க்கும். படம் நன்றாக அமைந்தால் நான் ஆர்ட்டிஸ்ட். அமையாவிட்டால் மைல்கல் தயாராக இருக்கிறது. அவர் போனதும் பூதக்கண்ணாடியை வைத்துப் போட்டோவைப் பார்த்தேன். ஒல்லியான முகம், கறுத்த நிறம். இடது காதின் சோணை அறுந்து இரண்டாகத் தொங்கியது. அதைப் பார்த்த அடுத்த நொடியே மனசுக்குள் தைத்து முடித்துவிட்டேன். வெறும் காது, அதற்கு ஒரு ஏழுகல் தோடு போட்டால் ஆயிற்று என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் வேறு வேலை எடுக்கவில்லை. படம் முடிந்தபோது, சொல்லக்கூடாது, எனக்கே என் கையை முத்தமிடலாம் போல இருந்தது. தோட்டில் ஏழு கல்லும் தனித்தனியாக மின்னின. கன்னம் ஆப்பிள் மாதிரி. மூலையில் மஞ்சள் நிறத்தில் 'தனவேல் ஆர்ட்ஸ், பெரம்பலூர்' என்று எழுதினேன். உண்மையைச் சொன்னால் அந்தத் தோட்டைவிட என் பெயர்தான் அதிகமாக மின்னியது. படம் நன்றாகக் காயட்டும் என்று கொட்டகை வாசலில் பத்து நாள் வைத்திருந்தேன். காய்வதற்கு வாசல் தேவையில்லை, போகிறவர் வருகிறவர் பார்க்க வேண்டுமே!

என் மனைவி சோறு கொண்டுவந்தவள், போட்டோவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்தம்மா நம்ம வூட்டுக்கெல்லாம் வரமாட்டாங்க போலருக்கே" என்றாள். அதைப் பாராட்டு என்று நினைத்து இன்னும் ஒரு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டேன். அவள் சொன்னது விளங்க எனக்கு மூன்று பஸ் மாற வேண்டியிருந்தது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் படத்தை மனைவியின் பழைய சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அரியலூர் பஸ், அங்கிருந்து ஜெயங்கொண்டம் பஸ், பிறகு ஊருக்குள் போகும் டவுன் பஸ். யாரும் கேட்காமலேயே சேலையை விலக்கிக் காட்டிக்கொண்டு போனேன். ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டு, "எந்தக் கோயிலுக்குப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் மாட்டப்போகும் படத்தைப் பார்த்து ஒருத்தி கோயில் படமா என்று கேட்கிறாளே, எங்கோ இடிக்கிறதே என்று தோன்றவே இல்லை.

ஊருக்குள் நுழையும்போதே பந்தல் தெரிந்தது. வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள், கொல்லையில் அடுப்பு எரிந்தது. குன்னத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வந்து இறங்குவதாகப் பேச்சு. கலியமூர்த்தி படத்தை வாங்கி நடு வீட்டில் ஒரு நாற்காலியில் சாத்தினார். பெண்கள் கூடிவிட்டார்கள். "அஞ்சலையா இது! லெச்சுமி மாரில்ல இருக்கா!" என்றாள் ஒருத்தி. "அந்தத் தோட்டப் பாரு, கண்ணக் கூசுது" என்றாள் இன்னொருத்தி. நான் வாசற்படி ஓரமாகச் சாய்ந்து நின்று, ஒன்றும் தெரியாதவன்போல வெளியே வாழைமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது மட்டும் உள்ளேயே இருந்தது.

கல்யாணப் பெண்ணைக் கூட்டிவந்தார்கள். வளர்மதி என்று பெயர். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். அப்பா அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார், அம்மாவும் மாமாவும்தான் வளர்த்தார்கள். கை இரண்டிலும் மருதாணி அப்பியிருந்ததால் விரலை விரித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். படத்தின் எதிரில் நின்றாள். நான் எதிர்பார்த்தது அழுகை. நன்றாக வந்த படத்துக்கு முதல் அழுகைதான் சான்றிதழ் என்று திருச்சிப் பெரியவர் சொல்வார்.

அவள் அழவில்லை. திரும்பி மாமாவைப் பார்த்து, "இது யாரு மாமா?" என்று கேட்டாள்.

கொல்லையில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கேட்டது. கலியமூர்த்தி அசட்டுத்தனமாகச் சிரித்து, "ஒங்க ஆத்தாதாம்மா. நகைநட்டெல்லாம் போட்டதுல அடையாளம் தெரியல" என்றார்.

"எங்கம்மா காது எங்க?" என்றாள்.

நான் முன்னால் போய் விளக்கம் சொன்னேன். "இல்லம்மா, போட்டோவுல காது கொஞ்சம் அறுந்தாப்ல இருந்துச்சு. அது பாக்க நல்லாருக்காதுன்னு நான்தான் சரிபண்ணி..." என்று தொடங்கினேன்.

"யாருங்கண்ணே ஒங்களச் சரிபண்ணச் சொன்னா?"

அவள் சத்தம் போட்டுக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. பிறகு அவளே சொன்னாள். எட்டு மாதக் குழந்தையாக இடுப்பில் இருந்தபோது அம்மாவின் தோட்டைப் பிடித்து இழுத்துவிட்டாளாம். சோணை அறுந்து ரத்தம் கொட்டியதாம். "அதக் கடைசி வரைக்கும் எங்கம்மா தச்சுக்கல. யாராச்சும் கேட்டா, 'எம் மவ எனக்குச் செஞ்ச மொத நகை'ம்பாங்க. எனக்குக் கூலி வேலைக்குப் போற வயசு வந்தப்புறமும், அந்த அறுந்த காத ரெண்டு வெரலால புடிச்சிக்கிட்டாத்தான் தூக்கம் வரும். இந்தப் படத்துல நான் எதப் புடிக்கிறது?"

எனக்கு என்ன வந்தது தெரியுமா? கோபம்தான். மறைக்காமல் சொல்கிறேன். இரண்டு வார உழைப்பு, ஏழு கல் தோடு, மூன்று பஸ். வழி நெடுக எல்லோரும் கும்பிட்ட படத்தை இந்தப் பெண் ஒருத்தி யார் என்று கேட்கிறாளே என்று மூக்குக்கு மேல் வந்தது. 'சொன்னபடி போட்டுட்டேன், பிடிச்சா மாட்டுங்க, பிடிக்காட்டி போங்க' என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். ஆர்டர் கொடுத்தவர் கலியமூர்த்தி. அவர் கேட்டதெல்லாம் படத்தில் இருந்தது. என் பக்கம் நியாயம் முழுசாக இருந்தது.

கிளம்புவதற்குச் சேலையை மடிக்கக் குனிந்தபோது மூலையில் என் பெயர் கண்ணில் பட்டது. நாளைக்குக் காலையில் இந்தப் பெண் கண்ணை மூடிக் கும்பிடப்போகிறாள். அவள் கும்பிடும் படத்தில் இருப்பது அவளுடைய அம்மா இல்லை. யாரோ ஒரு நகைக்கடைக்காரி. அந்த நகைக்கடைக்காரிக்குக் கீழே தனவேல் என்று எழுதியிருக்கிறது. பெயர் இல்லாத மைல்கல்லே தேவலாம், அதிலாவது ஊரைச் சரியாகத்தான் எழுதியிருந்தேன். இதற்காகவா அப்பா நாற்று நட்ட வயலிலிருந்து எழுந்து வந்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். மாட்டும் இடத்தில் அங்கங்கே தொட்டுச் சரிசெய்வதற்காகக் கொஞ்சம் சாயமும் இரண்டு தூரிகையும் எப்போதும் எடுத்துப் போவேன். "ஒரு பிளேடு குடுங்க, புதுசா" என்றேன்.

கலியமூர்த்தி குறுக்கே வந்து நின்றுவிட்டார். "தம்பி, கையை வைக்காதீங்க. சாயந்தரம் சம்பந்தி வூட்டுக்காரங்க வந்துருவாங்க. அறுந்த காதும் வெறுங்கழுத்துமா அவ படத்த மாட்டி வைக்கவா?" என்றார்.

ஊர் மெச்சுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். "மாப்பிள வூட்டுக்காகவா படம் போட்டீங்க?" என்று சுருக்கென்று கேட்டும்விட்டேன். நாக்கு எனக்குக் கொஞ்சம் நீளம், அதனால் இழந்தது நிறைய.

அவர் முகம் மாறிவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். "காது அறுந்த அன்னைக்கே சொன்னேன் தம்பி, 'தச்சுக்க அக்கா, புதுத்தோடு நான் வாங்கித் தாரேன்'னு. வர்ற முந்திரிக்கு, வர்ற அறுவடைக்குன்னு வருசா வருசம் சொன்னேன். அவளும் சிரிச்சுக்கிட்டே 'ஆவட்டும்டா'ம்பா. கடைசி வரைக்கும் வாங்கித் தரல. படத்துலயாச்சும் போட்டுக்கிட்டுப் போவட்டும்னுதான்..."

இப்போது சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ஒருத்திக்கு அறுந்த காது வேண்டும், ஒருவருக்குத் தோடு வேண்டும். இரண்டு பேரும் கேட்பது ஒரே அஞ்சலையைத்தான். திருச்சிக் கூடத்தில் இதற்குப் பாடம் இல்லை. பத்தடி பின்னால் போய் இடது கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவ்வளவு தூரத்தில் அந்த முகத்தில் வேறொன்றும் தெரியவில்லை, இரண்டு தோடுகள்தான் தெரிந்தன. முகத்தைவிட நகை முன்னால் நிற்கும் படம் விழுந்த படம். அந்த நொடியில் எனக்கு முடிவு கிடைத்துவிட்டது. "அண்ணே, நான் போட்டது தப்புண்ணே. தோட்டத்தான் போட்டேன், அக்காவப் போடல. கையெழுத்து என்னுது, நான் சரிபண்ணிடுறேன். கெட்டுப்போனா நாளைக்குப் படமே கெடையாது. அதுவும் எம் பொறுப்பு" என்றேன். அவர் சுவரோரம் போய் உட்கார்ந்தார். குறுக்கே நிற்காததையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பிளேடைப் பாதியாக உடைத்து, இடது காதுத் தோட்டைச் சுரண்டத் தொடங்கினேன். காய்ந்த ஆயில் பெயிண்ட் செதில் செதிலாக வரும். ஒரு மயிரிழை அழுந்தினால் படத்துணி கிழிந்துவிடும். சுற்றி முப்பது பேர் நிற்கிறார்கள். முழங்கையை இடுப்போடு இறுக்கிக்கொண்டுதான் வேலை செய்தேன். ஏழு கல்லும் ஒவ்வொன்றாகத் தரையில் தூளாக விழுந்தன. பிறகு போட்டோவைப் பக்கத்தில் வைத்து அந்தச் சோணையை வரைந்தேன். முதலில் சரியாக வரவில்லை. வளர்மதி அருகில் வந்து, "இன்னும் கொஞ்சம் எறக்கமா தொங்கும்ணே. முன்பக்கம் உள்ளது சின்னது, பின்பக்கம்தான் பெருசு" என்றாள். அதுபோல ஒரு வழிகாட்டி எனக்கு எந்தக் கூடத்திலும் கிடைக்கவில்லை. அட்டிகையையும் மூக்குத்தியையும் சுரண்டினேன். எண்ணெயில் கரைத்த பழுப்பு நிறத்தைத் துணியில் தொட்டு, நான் சிவப்பாக்கிய முகத்தில் மெல்லத் துடைத்துவிட்டேன். முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து வரும்போது பின்னால் ஒரு பெண் விசும்பினாள். அஞ்சலை அக்கம்பக்கத்தாருக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டாள்.

வலது காதுக்கு வந்தேன். பிளேடை வைத்ததும் வளர்மதி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். மருதாணி அப்பிய கை. என் சட்டைக் கையில் ஐந்து விரலும் பச்சையாக ஒட்டியது.

"அது இருக்கட்டும்ணே" என்றாள். சுவரோரம் திரும்பிப் பார்த்து, "அது எங்க மாமா போட்டது" என்றாள்.

கலியமூர்த்தி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கரும்புக்காட்டில் ஐம்பது ஆளை அதட்டி வேலை வாங்குகிறவர். நானும் அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த ஈரத்தோடேயே மூலைக்குப் போய் என் மஞ்சள் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த பழுப்பிலேயே சின்னதாகத் திருப்பி எழுதினேன். இன்றுவரை என் படங்களில் பெயர் அந்த அளவுதான்.

படம் ஈரமாக இருந்ததால் என்னைக் கல்யாணத்துக்கு இருக்கச் சொல்லிவிட்டார்கள். காலையில் நானே படத்துக்குக் காவல். மாலையைப் படத்தில் போடவிடாமல் கீழே வைக்கச் சொன்னேன். குங்குமத்தைச் சட்டத்தில் வைக்கச் சொன்னேன். "இடது பக்கம் ஈரம், யாரும் தொட்டுடாதீங்க" என்று தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருந்தேன். வளர்மதி கூரைச் சேலையோடு வந்து விழுந்து கும்பிட்டாள். எழுந்தவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாதஸ்வரக்காரர் வெளியே அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் கை தானாக நீண்டது. இரண்டு விரலால் அந்த அறுந்த சோணையைப் பிடித்தாள்.

ஈரம் என்று நான் கத்துவதற்குள் விரலை எடுத்துவிட்டாள்.

அவளுக்குப் பிறகுதான் நினைவு வந்தது. மருதாணியில் சிவந்த விரல் நுனியில் பழுப்புச் சாயம். படத்துக் காதில் அவள் விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்து, "அண்ணே, கெட்டுப்போச்சா?" என்றாள்.

"இப்பதாம்மா முடிஞ்சிருக்கு. நீ போ, நேரமாவுது" என்றேன்.

விரலைத் துடைக்காமலேயே மணைக்குப் போனாள். அவள் போனதும் பழக்கதோஷத்தில் அந்த ரேகையைச் சமன்படுத்தத் தூரிகையை எடுத்தேன். எடுத்த தூரிகையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ஓவியனாக என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் அதை முதலில் வைப்பேன்.

மாப்பிள்ளையின் தாத்தா, குன்னத்தில் பருத்திக்காட்டுக்காரர், சாப்பிட்டுவிட்டு வந்து படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒரு காதில் தோடு, ஒரு காது அறுந்து தொங்குகிறது. சிரிப்பாரோ என்று எனக்குப் பயம். "இந்தம்மாவ நான் பாத்ததில்ல. ஆனா ரோட்டுல எதிர்க்க வந்தா இவங்கதான்னு சொல்லிப்புடுவேன்" என்றார். பிறகு, "எங்க அண்ணன் படம் ஒண்ணு போடணும். அவருக்கு மூக்கு கோணல். நிமித்திப்புட மாட்டீங்களே?" என்று கேட்டார். அடுத்த வாரமே காண்ட்ராக்டரைப் பார்த்து, மைல்கல்லுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து படம் கேட்டு வருகிறவர்களிடம் தூரிகையைத் தொடுவதற்கு முன்பு ஒரு கேள்வி கேட்பேன். "அவங்க மொகத்துல எத நான் சரிபண்ணக்கூடாது?" முதலில் திருதிருவென்று விழிப்பார்கள். பிறகு சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். வெற்றிலைக் காவி என்பாள் ஒருத்தி. முன்பல் இடுக்கு என்பான் ஒருவன். மாடு முட்டிய தழும்பு, அம்மைத் தடம், ஒரு பக்கமாகக் கோணிச் சிரிக்கும் சிரிப்பு. குறை என்று நாம் எண்ணுவதற்குள்தான் அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். எண்பதுகள் முழுக்கப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் குன்னத்திலும் நான் வரைந்த முகங்கள் சுவர்களில் இருந்தன, அவற்றில் இரண்டு முகம் ஒன்றுபோல இருக்காது. இதைச் சொல்வதற்கு எனக்கு அடக்கம் தேவையில்லை. நான் நன்றாகத்தான் வரைந்தேன்.

குன்னம் பக்கம் போகும்போது வளர்மதி வீட்டுக்குப் போவேன். கல்யாணமானதும் படத்தையும் தன்னோடு கொண்டுபோய்விட்டாள். காதில் ரேகை அப்படியே இருக்கிறது. அந்தப் படத்தில் இரண்டு பேர் கையெழுத்து போட்டிருக்கிறோம், அவளுடையதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது.

நானும் ஒருநாள் சுவரில் ஏற வேண்டியவன்தான். என் மகன் உங்களில் ஒருவரிடம்தான் வருவான். உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் கிழவன் குமரனாகிவிடுவான் என்று கேள்விப்பட்டேன். நல்ல சட்டையாகப் போடுங்கள். தலையில் நாலு முடி கூட்டிப் போட்டாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன். அந்த இடது கண்ணை மட்டும் பெரிதாக்கிவிடாதீர்கள், அது நான் சம்பாதித்தது.